நனையாத உமி

ஜூன் 9, திங்கள்

தினமும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் சர்க்கரை டாக்டர். உரக் கம்பெனிக்காரர் தைப்பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

காலை: இட்லி மூன்று. இது டாக்டருக்கு. உள்ளபடி ஐந்து. மதியம்: சோறு, கொள்ளுப் பருப்பு, அரசாணிக்காய்ப் பொரியல். நடை: குடோனிலிருந்து வண்டி வரை, வண்டியிலிருந்து குடோன் வரை.

ஆராய்ச்சிக் கூடத்துக்கு இன்று உமி போயிற்று. எலிக்கு மெத்தை உமிதான். ஆவியில் வேகவைத்து, காயவைத்து, தூசி இல்லாமல் சலித்துக் கொடுக்க வேண்டும். உமி மட்டுமில்லை, எலி குடியிருக்கிற பிளாஸ்டிக் பெட்டி, அது தண்ணீர் குடிக்கிற பாட்டில் எல்லாம் என் சரக்கு. நனைந்த பழைய உமியையும் நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் தென்னைக்கு அதைப் போல எரு கிடையாது. போன வண்டி சும்மா திரும்பக் கூடாது, அதுதான் கணக்கு.

பழந்துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து சைக்கிளில் பொள்ளாச்சி சுற்று வட்டாரம் முழுக்க அலைந்தவன், இன்றைக்கு எலிக்குப் பாத்திரக்காரன். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அண்டாவைத் தட்டிப் பார்த்து, "இது இரும்புக் கலப்புங்க" என்று எந்த எலியும் பேரம் பேசியதில்லை.

மருமகள் வாணி அங்கே விஞ்ஞானி. அவள் சிபாரிசில்தான் எனக்கு ஆர்டர் கிடைத்தது என்று சொல்கிறவர்களுக்கு: அவள் என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நான் அங்கே உமி போடுகிறேன். எலிக்கு மெத்தை கொண்டுபோன இடத்தில்தான் மருமகளையே பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

காலை: கேசரி. இரண்டு தடவை. டாக்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

வாணி முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷம். மகன் மனோகரன் குஜராத்தில் காற்றாலை நட்டுக்கொண்டிருக்கிறான், போனிலேயே அழுதான். என் வீட்டுக்காரி தெய்வானை அழவில்லை. நேராக அடுப்பில் ரவையை வறுக்கப் போய்விட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் பேச்சு வந்தது.

"இனி அந்தக் காந்தத்துக்கிட்டப் போகாதே கண்ணு."

"போகலீங்க அத்தை. ஹரிஹரன் சார்கிட்டச் சொல்லியாச்சு. இனிமே மேசை வேலைதான்."

"இத்தன நாளு போய்ட்டு வந்தியே?"

வாணி தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பத் தெரியாதுங்களே அத்தை" என்றாள்.

அவள் வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் ஆளைப் படுக்கவைத்துக் குழாய்க்குள் தள்ளுகிறார்களே, அந்த ஸ்கேனில் இருப்பது காந்தம். அதைவிடப் பல மடங்கு பலமான காந்தம் ஒன்று இங்கே இருக்கிறது. நாளைக்கு அவ்வளவு பலமான ஸ்கேன் மனிதருக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா என்று சினை எலிகளை வைத்துப் பார்க்கிறார்கள். பாதி எலிகள் ராத்திரி முழுக்கக் காந்தத்தின் வாயருகில் இருக்கும். மீதிப் பாதி பக்கத்து அறையில், அதே அளவு, அதே நிறத்தில் செய்த வெறும் குழாயருகில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே தீனி, ஒரே உமி, ஒரே பாட்டில். காந்தம் மட்டும்தான் வித்தியாசம். அந்தக் காந்தத்தை விளக்கு மாதிரி அணைக்க முடியாதாம். எப்போதும் உயிரோடுதான் இருக்குமாம்.

சித்திரையிலிருந்து தினமும் சாயங்காலம் பெட்டிகளை அதன் வாயருகில் கொண்டு வைத்ததும், காலையில் எடுத்ததும் வாணிதான்.

அதனால் ஒன்றும் ஆகாது. ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் வேலை செய்கிற பெண்கள் பிள்ளை பெறாமலா இருக்கிறார்கள்?

ஜூன் 17, செவ்வாய்

காலை: ராகிக் களி. நடை: நன்றாக நடந்தேன்.

குளிர்பெட்டிக் கதவில் ஊட்டி படகு, பழநி முருகன், பேங்க்காரன் கொடுத்த மாம்பழம் என்று ஒட்டுக் காந்தங்கள் கன்னாபின்னாவென்று இருந்தன. வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்துக் குடோன் டப்பாவில் போட்டுவிட்டேன். என் சட்டைப்பைக் காந்தத்தையும் இனிக் குடோனிலேயே வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். பை கிழிகிறது.

அது பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றியது. எவர்சில்வர் விற்றவனுக்கு அதுதான் தராசு. காந்தம் ஒட்டினால் மட்டமான சரக்கு, ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. தெருவில் நான் சொல்வதற்கு முன்பே பொம்பளைகள் முந்தானையிலிருந்து ஒரு காந்தத்தை எடுப்பார்கள். அதனால் நான் முதலில் எடுத்துக் காட்டிவிடுவேன். எலிப் பாட்டிலின் மூக்குக் குழாய்கூட அப்படிச் சோதித்து வாங்கியதுதான். காந்த அறைக்குள் இரும்பு வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் காந்தம் வைத்தேன். ஒன்றுகூட ஒட்டவில்லை.

ஜூலை 2, புதன்

மதியம்: சாப்பிட்டேன்.

உமி இறக்கப் போனபோது எலி அறையைக் கவனித்துக்கொள்ளும் மயிலாத்தாள் வாசலில் நின்றிருந்தாள். எப்போதும் என்னைப் பார்த்ததும் கேலியாக, "வாங்க சம்பந்தி, எலியெல்லாம் சௌக்கியம்" என்பாள். இன்று சொல்லவில்லை.

"என்ன மயிலாத்தா, எலி பேச்சுவார்த்தை இல்லையா?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க. காந்த ரூம்புத் தாய் எலியெல்லாம் நூலா இளைச்சுப் போச்சு. குட்டி போட்டுதுங்க, பாதிக்கு மேல தங்கல. தங்குனதும் கட்டெறும்பாட்ட இருக்குது. அந்தப் பக்கத்து ரூம்புல பாருங்க, குட்டி கொழுக்கட்டையாட்ட உருளுது."

"வாணிக்குத் தெரியுமா?"

"அவங்கதான தெனமும் எடை போட்டு எழுதறாங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலை: இட்லி. மீதம் வைத்தேன். சட்னி காரம்.

வாணியிடம் கேட்டேன். நேரே கேட்டுவிடுவது என் வழக்கம்.

"எலிக்கு உடம்பு சரியில்லைன்னு மயிலாத்தா சொல்றாளே அம்மிணி?"

"மயிலக்கா வாயில சுண்ணாம்பு கூட நிக்காது." சிரித்தாள். பிறகு, "பாதி வழியில ஒண்ணும் சொல்ல முடியாதுங்க மாமா. உலகத்துல இதுவரைக்கும் பண்ணுன ஆராய்ச்சியில பெரும்பாலும் ஒண்ணும் ஆகலைன்னுதான் வந்திருக்குது. எங்களுதுல மட்டும் ஏன் இப்படீன்னு பாக்கறோம். அத்தைகிட்டச் சொல்லீடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். கை வயிற்றின் மேலேயே இருந்தது. பஸ் ஏறுகிற வரைக்கும் அங்கேதான் இருந்தது.

நான் பஸ் நிறுத்தம் வரை போனது நடைக்காக.

ஜூலை 8, செவ்வாய்

தெய்வானை ராத்திரி சாப்பிடவில்லை. பிரஷர் ஏறியிருக்கிறதாம்; செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி வயிற்றைக் காயப்போட்டால் இறங்கும் என்று மகளிர் குழுவில் யாரோ சொன்னார்களாம். குழுவில் டாக்டர் பட்டம் வாங்காதவர் யாரும் இல்லை.

இன்றும் ஆராய்ச்சிக் கூடம் போய்வந்தேன். பெட்டி மூடி ஒன்று கீறலாக இருக்கிறதோ என்று சந்தேகம். இல்லை.

ஜூலை 9, புதன்

இன்றும் போனேன். வியாபாரத்தில் வாடிக்கைக்காரர் முகத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

காலை, மதியம்: எழுத ஒன்றும் இல்லை.

பெரியவர் ஹரிஹரன் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இந்தக் காந்த ஆராய்ச்சி முழுக்க அவர் தலைமையில்தான் நடக்கிறது. வாணிக்கு அப்பா இல்லை; அதனால் என்னிடம் பேசுகிறாராம்.

"ரெண்டாவது ஈடு எலிகளும் அப்படியேதான் வந்திருக்கு. எனக்கு இதை நம்ப முடியலை. ஆனா கண்ணுக்கு முன்னாடி இருக்கறதை இல்லைன்னும் சொல்ல முடியலை. ஒண்ணு மட்டும் சொல்றேன். எலிகள் ராத்திரி முழுக்க அங்கே கிடக்கு. வாணி பெட்டியை வெச்சிட்டு வந்துடற பொண்ணு. ரெண்டும் ஒண்ணு இல்லை."

"இதை அவகிட்டச் சொன்னீங்களா சார்?"

"என்கிட்ட அதைச் சொன்னதே அவதான். ஆனா அதையே மூணு தடவை சொன்னா."

வேலையை விட்டுவிடச் சொல்லலாம் என்றால் அதனால் என்ன பயன்? போய் நின்ற நாட்களைத் திருப்பி எடுக்க முடியுமா? சரக்கில் கோளாறு என்றால் திரும்பப் பெற்றுக்கொள்வேன். இதற்கு ஏது அந்த வசதி.

பெண் டாக்டர் போன ஸ்கேனில் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். கை கால் எல்லாம் முழுசாகத் தெரிகிற ஸ்கேன் செப்டம்பரில்தானாம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. தெய்வானை கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்கு வைத்துவிட்டு வந்தாள். ராத்திரி சாப்பிடவில்லை. பிரஷர்.

வாணிக்குக் கடலை உருண்டை வாங்கி வந்தேன். பாதியைக் கடித்துவிட்டு எடுத்துவைத்துவிட்டாள்.

ஜூலை 23, புதன்

தென்னைக்குப் பழைய உமி வந்து இறங்கியது. இறக்குகிற கருப்பணன் ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்க மொதலாளி, இந்தச் செவப்பு நாடா கட்டுன மூட்டையில உமிதான் இருக்குதா, காத்தா? நீல நாடா மூட்டையைத் தூக்குனா முதுகு ஒடியுது, இது தக்கையாட்டக் கெடக்குது."

மயிலாத்தாள் இரண்டு அறை உமியையும் கலக்காமல் தனித்தனியாகக் கட்டி அனுப்புகிறவள். பிரித்துக் கையை விட்டேன். நீல நாடா மூட்டை சொதசொதவென்று, மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றம். சிவப்பு நாடா மூட்டையில் உமி பொலபொலவென்று உதிர்ந்தது. நாற்றமே இல்லை. கிட்டத்தட்டப் புதுசு.

சிவப்பு, காந்த அறை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மனசு சரியில்லாத நேரத்திலும் யாவார மூளை தூங்குவதில்லை. காந்தத்தருகில் இருந்தால் உமி ஈரத்தை அப்படியே விழுங்கிக் காய்ந்துவிடுகிறது போலிருக்கிறது. காந்தம் காட்டிய உமி என்று ஒரு சரக்கு போட்டால் என்ன? கோழிப் பண்ணைக்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். நாளைக்கு வாணியிடம் சொல்ல வேண்டும். அவள் சிரித்துப் பல நாளாகிறது.

ஜூலை 24, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதப் போகிறேன்.

சாயங்காலம் வாணி வந்து காபியைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்தேன்.

"அம்மிணி, உங்க காந்தம் எலிக்கு ஆகுதோ இல்லையோ, என் உமிக்கு நல்லா ஆகுது."

"என்னங்க மாமா?"

"காந்த ரூம்பு உமி ஈரமே இல்லை. நாலு நாள் எலி புரண்ட உமி, நேத்து அரைச்ச மாதிரி பொலபொலன்னு வருது. மூட்டையே எடை இல்லைன்னு கருப்பணன் சொல்றான். அந்தப் பக்கத்து ரூம்பு உமியப் பாத்தா சாக்கடை. காந்த உமின்னு பேர் போட்டு..."

காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கம் காஞ்சிருக்குதுங்க?"

"காந்தப் பக்கம். செவப்பு நாடா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கையை விட்டுப் பாத்தேன். மோந்தும் பாத்தேன். நாத்தமே இல்லை."

விரல் விட்டு எதையோ எண்ணினாள்.

"மாமா, உமி உறிஞ்சினா நாத்தம் அதுலயே தங்கித்தான இருக்கணும்? அது காயலைங்க. நனையவே இல்லை." எழுந்துவிட்டாள். "தண்ணி குடிச்சாத்தான எலி ஒண்ணுக்குப் போகும்? எங்க எலி தண்ணியே குடிக்கறதில்லீங்க மாமா! எலி குடிக்கறதெல்லாம் ராத்திரியிலதான். ராத்திரி பூரா காந்தத்துக்கிட்ட. பகல்ல வெளிய வந்ததும் கெடைச்சதைக் குடிச்சுட்டு உசுரு புடிச்சிருக்குதுங்க. தீனியை எடை போட்டோம், எலியை எடை போட்டோம். தண்ணியை அளக்கலை. மயிலக்கா தெனமும் எல்லாப் பாட்டிலையும் கழுத்து வரைக்கும் நெறைச்சு வெச்சுடுவாங்க. யாருக்கும் தெரியலை."

"பாட்டில் பக்கத்துலயே இருக்குது. ஏன் குடிக்க மாட்டேங்குது?"

"அதான் தெரியலை. காந்தத்துனால தாகமே இல்லாமப் போகுதா? இல்லை..."

அப்போதுதான் எனக்குப் பாட்டில் குண்டு ஞாபகம் வந்தது.

மூக்குக் குழாயின் நுனிக்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கும். எலி நாக்கால் அதை உள்ளே தள்ளினால் ஒரு சொட்டு இறங்கும். தள்ளாவிட்டால் குண்டு அடைத்துக்கொண்டிருக்கும், தண்ணீர் ஒழுகாது. குழாய் சென்னையிலிருந்து வந்தது. குண்டை நான்தான் உள்ளூர்ப் பேரிங் கடையில் வாங்கி, குடோனில் பெண்களை வைத்துப் போடச் சொன்னேன். பளபளவென்று இருந்தது. எவர்சில்வர் குண்டு என்றான் கடைக்காரன்.

வாணியும் கூடவே குடோனுக்கு வந்தாள். டப்பாவைத் திறந்து, ஊட்டி படகையும் பழநி முருகனையும் ஒதுக்கிவிட்டு, என் ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தேன். மிச்சக் குண்டுகள் இருந்த கிண்ணத்தின் மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் கீழே கொண்டுபோனேன். நான் தொடுவதற்கு முன்பே அவை எழும்பி வந்து ஒட்டிக்கொண்டன. கொத்தாக, கடுகுத் தாளிப்பு மாதிரி சத்தத்தோடு.

"குழாய்க்கெல்லாம் வெச்சுப் பாத்தேன் அம்மிணி. குண்டுக்கு வெக்கலை."

என் பாக்கெட் காந்தத்துக்கே இப்படி எழும்புகிற குண்டை அந்த ராட்சதக் காந்தம் என்ன பாடு படுத்தியிருக்கும்? குழாய்க்குள் ஓரமாக இழுத்து இறுக்கி வைத்திருக்கும். எலி நாக்கு நசுங்க நக்கினாலும் ஒரு சொட்டு வந்திருக்காது.

வாணி உமி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"மாமா, உங்க சரக்கு மட்டமுங்க மாமா!"

"ஆமாம் கண்ணு."

"படு மட்டமுங்க!"

"ஆமாம் கண்ணு, படு மட்டம்."

வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து என் சரக்கைக் குறை சொன்ன யாரிடமும் நான் இப்படிச் சிரித்துக்கொண்டே தலையாட்டியதில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விஞ்ஞானியாகிவிட்டாள். "இதுதான் காரணம்னு இப்பவே சொல்லக் கூடாதுங்க. திரும்பப் பண்ணிப் பாக்கணும். வேற குண்டு போட்டு, வேற எலிகளோட. அத்தைகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

ஜூலை 25, வெள்ளி

காலை: இட்லி ஆறு.

காலையிலேயே வாணியோடு போய் ஹரிஹரன் சார் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார். வாசலில் பெல்ட், சாவி, செருப்பு ஆணி எல்லாம் பார்த்தார்கள். என் காந்தத்தைக் கண்டதும் மயிலாத்தாள் பதறிவிட்டாள்.

"இதைத் தூக்கிட்டா உள்ள போறீங்க? போன மாசம் என் தாலிக்கொடியில ஒரு ஊக்கு இருந்தது தெரியாமப் போய்ட்டேன், கழுத்தையே சேத்து இழுத்துருச்சு!"

அதை அவளிடமே கொடுத்துவிட்டேன். வாணி வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய உருளை. சத்தம் சாடை ஒன்றும் இல்லை. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது. பயந்தார்கள் என்று எழுத வந்தேன்.

சார் பாட்டிலைப் பெட்டி வைக்கிற இடத்தில் கவிழ்த்துப் பிடித்து மூக்கை விரலால் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் தேய்த்தார். விரல் காய்ந்தே இருந்தது. வெளியே கொண்டுவந்து தேய்த்தார். சொட்டுச் சொட்டென்று அவர் பேண்ட் மேல் விழுந்தது. துடைக்கக்கூட இல்லை, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாச்சிமுத்து, நீங்க பேசாம ராத்திரியோட ராத்திரியா குண்டை மாத்தியிருக்கலாமே. யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"மாத்தியிருக்கலாமுங்க. அப்புறம் காந்தம் ஒரு வாரத்துல திருந்திடுச்சுன்னு நீங்க எழுதியிருப்பீங்க. அதை எவன் நம்புவான்? எங்க பொண்ணு நம்புவாளா?"

சார் பெரிதாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எலி ஆராய்ச்சியை மேற்பார்க்கிற கமிட்டிக்கு எழுதித்தான் ஆக வேண்டும், உங்கள் சரக்கை நிறுத்துவார்கள் என்றார்.

"நிறுத்தட்டுமுங்க. அந்த எலிகளுக்கு மொதல்ல நல்ல பாட்டிலாக் கொடுங்க."

தாய் எலிகளைப் பார்த்தேன். மயிலாத்தாள் அவற்றுக்கு அங்கேயே கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். அவை குடித்த குடியைப் பார்க்க முடியவில்லை. நான் கொடுத்த தாகம் அது. வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கமிட்டி கடிதம் வந்தது. பாட்டில், பெட்டி, உமி எல்லாம் நிறுத்தம். இனி ஈரோட்டுக்காரர் போடுவார். என் போட்டிக்காரரான அவரே போனில் துக்கம் விசாரித்தார். "குண்டுக்குக் காந்தம் வெச்சுப் பாத்து வாங்குங்க" என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டார்.

மதியம்: சோறு, பச்சைப்பயறுக் குழம்பு, அப்பளம். நன்றாகச் சாப்பிட்டேன்.

புது எலிகள் வந்துவிட்டன. பாட்டில் நுனியில் இப்போது கண்ணாடிக் குண்டு. தண்ணீரையும் தினமும் அளக்கிறார்களாம். பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பது, வாணி நிறுத்தியதிலிருந்து வைக்கிற பையன்தான். வாணி மேசையில் கணக்கு மட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

இரண்டு அறை எலியும் ஒரே அளவு தண்ணீர் குடிக்கின்றன என்றாள் வாணி. "இது ஆரம்பந்தாங்க மாமா, குட்டி பொறந்து வளரணும்." அவள் அப்படிச் சொல்லிக்கொண்டே இரண்டாவது தோசை கேட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒன்றும் செய்தி இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் இப்போது எனக்கு எந்த வேலையும் இல்லை. அதனால் வாசல் டீக்கடையில் டீ குடித்தேன். சர்க்கரை இல்லாமல். நல்ல டீக்கடை. நாளையும் போகலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

டீக்கடைக்கே மயிலாத்தாள் ஓடிவந்தாள்.

"சம்பந்தி! குட்டி போட்டுடுச்சுங்க! காந்த ரூம்புல!"

"எப்படி இருக்குது?"

"கொழுக்கட்டை!"

டீக்காரர் யாருக்குப் பிரசவம் என்று விசாரித்தார். எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஹரிஹரன் சார் போன் செய்தார். குட்டிகளின் எடை, எண்ணிக்கை, காது மடல் விரிந்த நாள், மல்லாத்திப் போட்டால் புரளுகிற வேகம் எல்லாம் இரண்டு அறையிலும் ஒன்றுபோல இருக்கிறதாம். எந்தக் குட்டி எந்த அறை என்று தெரியாமல் இரண்டு பேரைப் பார்க்கச் சொன்னாராம். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லையாம்.

"அப்போ காந்தத்துனால ஒண்ணும் ஆகாதுங்களா சார்?"

"இந்த பலத்துல, இந்த எலிகளுக்கு, இவ்வளவு நேரத்துல ஒரு கெடுதலும் எங்க கண்ணுல படலை. அவ்வளவுதான் நான் எழுதுவேன்."

நானாக இருந்தால் போர்டே எழுதி மாட்டியிருப்பேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், கண்ணில் பட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காத ஆள் சொல்வதைத்தான் நம்பலாம். நான் சரக்கு வாங்குவதும் அப்படிப்பட்டவனிடம்தான்.

செப்டம்பர் 3, புதன்

ஸ்கேன். மூன்று பேரும் போனோம். மனோகரன் போனில் வீடியோவில் இருந்தான்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தலை சரி. முதுகெலும்பு சரி. இதயத்தில் நாலு அறையும் சரி. கை, கால். ஒரு கால் உதைத்தது. கடைசியில், "எல்லாம் நல்லா இருக்கும்மா, வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடு" என்றார்.

வாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் பிடித்தது நான்தான் என்கிறாள். ஏசி அதிகம்.

மதியம்: பிரியாணி. ஜிலேபி. எத்தனை என்று எழுத மாட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

சாயங்காலம் திருப்பி அனுப்பிய பாட்டில்கள் குடோனில் வந்து இறங்கின. ஒரு குண்டை மட்டும் எடுத்து என் காந்தத்தில் ஒட்டவைத்தேன். அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒட்டுக் காந்தங்களையும் டப்பாவோடு கொண்டுவந்து குளிர்பெட்டியில் ஒட்டினேன்.

வாணி பார்த்துவிட்டாள். "அந்தப் பழநி முருகன் ஒரு காயிதத்தையே தாங்க மாட்டாரு. அவரைப் போய் மூணு மாசம் குடோன்ல வெச்சிருந்தீங்களா மாமா?"

"தூசி தட்டப் போட்டிருந்தேன்."

"சரிங்க மாமா."

காந்தத்தையும் குண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சாமி அலமாரியின் ஓரத்தில் வைத்தேன். தெய்வானை கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று பொய்களைத் தயார் செய்துகொண்டேன்.

அவள் கேட்கவில்லை. விளக்கேற்றி, பிள்ளையாருக்குப் பொட்டு வைத்தாள், முருகனுக்கு வைத்தாள், மாசாணியம்மனுக்கு வைத்தாள். அதே விரலால் அந்தக் குண்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

பிறகு இரண்டு தட்டுப் போட்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரியாச்சே. பிரஷர்?"

"இறங்கிருச்சுங்க."

"எப்போ?"

குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "மயிலாத்தா எங்க குழுவுலதான் இருக்கறா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"